மேல்வரிசை முன்கடைவாய்ப் பல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காலையில் பல் மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவர்களுக்குப் பல் உடற்கூறு வகுப்பு, மாலையில் கிளினிக். இதுதான் என் அன்றாடம். இரண்டு இடத்திலும் ஒரே பல்லைப் பற்றித்தான் அதிகம் கேட்கிறார்கள். மாணவர்கள் மெழுகில் செதுக்கத் திணறுவதும் அதைத்தான், பெற்றோர் "எடுத்துத்தான் ஆகணுமா டாக்டர்?" என்று கலங்குவதும் அதைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே சேர்த்து எழுதிவிட்டேன்.

முன்கடைவாய்ப் பல் என்றால் எது?

கண்ணாடி முன்னால் நின்று ஈ என்று இளித்து, மேல் வரிசையை நடுவிலிருந்து ஒரு பக்கமாக எண்ணுங்கள். ஒன்று, இரண்டு வெட்டுப்பற்கள். மூன்றாவது கோரைப்பல், வீட்டில் சிங்கப்பல் என்போம். நான்காவதும் ஐந்தாவதும்தான் நாம் பேசப்போகிறவை. ஆறாவதிலிருந்து பெரிய கடைவாய்ப்பற்கள் தொடங்குகின்றன.

பேச்சு வழக்கில் இந்த இரண்டுக்கும் தனிப் பெயரே கிடையாது. முன்பல் உண்டு, சிங்கப்பல் உண்டு, கடைவாய்ப்பல் உண்டு, ஞானப்பல்கூட உண்டு. இது மட்டும் "அந்தப் பக்கத்துப் பல்". பள்ளிப் பாடநூல் முன்கடைவாய்ப் பல் என்கிறது, கிளினிக்கில் பிரீமோலார் என்போம். அமெரிக்காவில் பைகஸ்பிட் என்பார்கள், அதாவது இரண்டு முகடு கொண்ட பல். மேல்தாடைக்கு அந்தப் பெயர் சரியாகப் பொருந்தும். கீழ்த்தாடையின் இரண்டாம் பிரீமோலாரில் பல பேருக்கு மூன்று முகடு இருக்கும், அங்கே பெயர் பொய்த்துவிடும்.

ரசீதில் '24' என்று போட்டிருக்கிறது. 24 பல்லுக்கா பணம் வாங்கினார்கள்?

இல்லை. இதை இருபத்து நான்கு என்று படிக்கக் கூடாது, இரண்டு-நான்கு என்று படிக்க வேண்டும். வாயை நான்காகப் பிரித்து, உங்கள் மேல் வலதுக்கு 1, மேல் இடதுக்கு 2, கீழ் இடதுக்கு 3, கீழ் வலதுக்கு 4 என்று முதல் எண்ணைப் போடுவோம். இரண்டாவது எண், நடுவிலிருந்து எத்தனையாவது பல் என்பது. ஆக மேல்வரிசை முன்கடைவாய்ப் பற்கள் 14, 15, 24, 25. அமெரிக்காவில் ஒன்று முதல் 32 வரை தொடர்ச்சியாக எண்ணுவதால் இவையே 5, 4, 12, 13 ஆகிவிடும். வெளிநாட்டு ரிப்போர்ட் கொண்டு வருகிறவர்கள் எந்த முறை என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பார்ப்பதற்கு எப்படி இருக்கும்?

கன்னத்துப் பக்கமிருந்து பார்த்தால் கோரைப்பல்லின் தம்பி மாதிரி இருக்கும், கொஞ்சம் குட்டை, நடுவில் ஒரு கூர். நாக்கால் உள்பக்கம் தடவினால் வேறு கதை. அங்கே இன்னொரு முகடு தட்டுப்படும், மழுங்கலாக, சற்றுத் தாழ்வாக. இரண்டு முகடுகளுக்கும் நடுவில் முன்னிருந்து பின்னாக ஒரு பள்ளம் ஓடும். முன்னால் இருக்கும் கோரைப்பல் கிழிக்கிறது, பின்னால் இருக்கும் கடைவாய்ப்பல் அரைக்கிறது, இது இரண்டிலும் பாதி. பொங்கல் கரும்பை வாயிலேயே உரித்துத் தின்பவர்கள் தோலைக் கவ்வ எந்த இடத்துக்குக் கொண்டுபோகிறார்கள் என்று கவனியுங்கள். பெரும்பாலும் கோரைப்பல்லுக்கும் இதற்கும் இடையில்தான்.

அளவு சொல்வதானால், பாடப்புத்தகக் கணக்கில் தலைப்பகுதி 8.5 மில்லிமீட்டர் உயரம், வேர் 14 மில்லிமீட்டர். முன்னிருந்து பின்னாக 7 மில்லிமீட்டர்தான். ஆனால் கன்னத்திலிருந்து அண்ணம் நோக்கி 9 மில்லிமீட்டர். ஆளைப் பார்த்தால் ஒல்லி, பக்கவாட்டில் திருப்பினால் தடிமன். சிரிக்கும்போது சின்னதாகத் தெரியும் பல், பிடுங்கிக் கையில் வைத்தால் "இவ்வளவு பெரிசா!" என்று எல்லோரும் சொல்வது இதனால்தான்.

இந்தப் பல்லில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஒன்று உண்டு. முதல் முன்கடைவாய்ப் பல்லின் முன்பக்கச் சுவரில், அதாவது கோரைப்பல்லைப் பார்த்த பக்கத்தில், ஈறு தொடங்கும் இடத்துக்குச் சற்று மேலும் கீழுமாக ஒரு குழிவு இருக்கும். கட்டைவிரலால் ஈரக் களிமண்ணை இலேசாக அமுக்கி எடுத்ததுபோல் இருக்கும். தலைப்பகுதியில் தொடங்கி வேர் வரை இறங்கும். அதே பக்கத்தில் மேல் விளிம்பைக் குறுக்கே வெட்டிக்கொண்டு ஒரு சின்னக் கோடும் இறங்கி வரும். புத்தகத்தில் இதற்கு அரைப் பத்திதான் கொடுத்திருப்பார்கள். நோயாளிக்கு வரும் தொல்லையில் பாதி இந்தக் குழிவிலிருந்துதான் வருகிறது, அதனால் கீழே திரும்பத் திரும்ப இதற்கே வருவேன்.

முதல் பல்லும் இரண்டாவது பல்லும் ஒன்றுபோலத்தானே இருக்கின்றன?

தூரத்திலிருந்து பார்த்தால் இரட்டையர்தான். பக்கத்தில் வைத்தால் முதல் பல் முனைப்பானது. மூலைகள் தெரியும், கன்னப்பக்க முகடு அண்ணப்பக்க முகட்டைவிட ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் உயரம், நடுப்பள்ளம் நீளமாக நேர்க்கோட்டில் ஓடும். இரண்டாவது பல் உருண்டை, சாது. இரண்டு முகடும் கிட்டத்தட்ட ஒரே உயரம். நடுப்பள்ளம் குறுகி, அதிலிருந்து சின்னச் சின்னக் கோடுகள் பிரிந்து, மேற்பரப்பு சுருங்கிய துணி மாதிரி இருக்கும். முதல் பல்லில் நான் சொன்ன அந்தக் குழிவு இரண்டாவதின் தலைப்பகுதியில் இருக்காது.

கழன்ற பல்லைக் கையில் கொடுத்து வலதா இடதா என்று கேட்கிறார்கள். எப்படிக் கண்டுபிடிப்பது?

முதலாண்டு மாணவர்களுக்கான கேள்வி, மற்றவர்கள் தாண்டிப் போகலாம். உயர முகடு கன்னப்பக்கம். குழிவு இருக்கும் பக்கம் முன்பக்கம். இந்த இரண்டும் தெரிந்துவிட்டால் வேலை முடிந்தது. இரண்டாம் பல்லில் குழிவு இல்லையே என்றால், அண்ணப்பக்க முகட்டின் உச்சியைப் பாருங்கள், அது நடுவில் நிற்காமல் முன்பக்கமாக ஒதுங்கியிருக்கும்.

மெழுகு செதுக்கும்போது கவனிக்க ஒன்று. மற்றப் பல்லில் எல்லாம் கன்னப்பக்க முகட்டின் முன்சரிவு குட்டை, பின்சரிவு நீளம். மேல் முதல் முன்கடைவாய்ப் பல்லில் மட்டும் தலைகீழ்: முன்சரிவு நீளம், அதனால் முகட்டின் உச்சி பின்னால் சாய்ந்து நிற்கும். வருஷா வருஷம் வகுப்பில் பாதிப் பேர் இதைக் கோரைப்பல் மாதிரியே செதுக்கிவிட்டு, "சார், நல்லாத்தானே இருக்கு?" என்பார்கள். நல்லாத்தான் இருக்கும். ஆனால் அது வேறு பல்.

இதற்கு எத்தனை வேர்?

முதல் பல்லுக்குப் பெரும்பாலும் இரண்டு, கன்னப்பக்கம் ஒன்று, அண்ணப்பக்கம் ஒன்று. ஒரே வேராக இருப்பவர்களும் நிறைய உண்டு, மூன்று வேர் அபூர்வம். இரண்டாம் பல்லுக்குப் பெரும்பாலும் ஒன்றுதான்.

வேரின் எண்ணிக்கையைவிட உள்ளே நரம்பு போகும் கால்வாயின் எண்ணிக்கை முக்கியம். வேர் ஒன்றாக இருந்தாலும் உள்ளே கால்வாய் இரண்டு இருக்கலாம். அமெரிக்காவில் வெர்டூச்சி என்பவர் 1970களில் பிடுங்கிய பற்களுக்குச் சாயம் ஏற்றி, ஒளி புகும்படி ஆக்கி எண்ணிப் பார்த்தார். முதல் முன்கடைவாய்ப் பல்லில் வேர்நுனியில் இரண்டு கால்வாய் திறந்தவை 69 சதவீதம், ஒன்று மட்டும் 26, மூன்று 5. இரண்டாம் பல்லில் கணக்கு புரண்டுவிடும்: ஒன்று 75, இரண்டு 24, மூன்று 1. ஊருக்கு ஊர், இனத்துக்கு இனம் இந்த விகிதம் மாறும். ஆனால் எந்த ஊராக இருந்தாலும் முதல் பல்லில் இரண்டு இருக்கும் என்று நினைத்துத்தான் தேட வேண்டும்.

நான் தேடாமல் விட்டிருக்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் ஒரு பெரியவருக்கு மேல் இடது நான்காம் பல்லில் வேர் சிகிச்சை செய்தேன். எக்ஸ்ரேயில் ஒரு கோடுதான் தெரிந்தது. சுத்தம் செய்து அடைத்து அனுப்பினேன். மூன்று வாரத்தில் "தம்பி, சூடாக் காப்பி குடிச்சா இன்னும் சுருக்குனு இழுக்குது" என்று வந்துவிட்டார். எக்ஸ்ரே எடுக்கும் குழாயைக் கொஞ்சம் பக்கவாட்டில் சாய்த்து மறுபடி எடுத்தேன். முதல் கோட்டின் பின்னால் இரண்டாவது கோடு ஒளிந்துகொண்டிருந்தது. நேராக எடுத்தால் இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து ஒன்றாகத்தான் தெரியும். அன்றிலிருந்து இந்தப் பல்லுக்கு இரண்டு கோணத்தில் படம் எடுக்காமல் நான் கை வைப்பதில்லை.

இந்தப் பல் எப்போது உருவாகத் தொடங்குகிறது?

பத்து வயதில் முளைக்கும் பல் என்பதால் அதற்குச் சற்று முன்னால் என்று நினைப்பார்கள். உண்மையில் முதல் முன்கடைவாய்ப் பல்லின் மொட்டு குழந்தை பிறக்கும் சமயத்திலேயே தாடைக்குள் தோன்றிவிடுகிறது. இரண்டாவதின் மொட்டு சுமார் பத்தாம் மாதத்தில்.

நடப்பது இதுதான். கருவிலேயே ஈற்றுத் திசுவிலிருந்து ஒரு பட்டை தாடைக்குள் இறங்கி, அதில் பால்பற்களின் மொட்டுகள் வரிசையாக விடும். ஒவ்வொரு பால்பல் மொட்டின் அண்ணப்பக்கத்திலிருந்தும் பிறகு ஒரு சின்னக் கிளை பிரியும். அந்தக் கிளைநுனியில் வருவதுதான் பின்னால் அதே இடத்துக்கு வரப்போகும் நிரந்தரப் பல். மொட்டு முதலில் வெறும் உருண்டை, அப்புறம் குல்லா மாதிரி குழியும், அப்புறம் மணி மாதிரி விரியும். மணியின் உள்விளிம்பு மடிந்து நிற்கும் விதத்தில்தான் முகடுகள் எங்கே, பள்ளம் எங்கே என்பது முடிவாகிறது. பல்லின் வெளி ஓடான எனாமலோ, அதனடியில் இருக்கும் டென்டினோ ஒரு துளிகூடப் படியாத காலத்திலேயே பல்லின் வடிவம் எழுதப்பட்டுவிடுகிறது.

சுண்ணாம்புச் சத்து படியத் தொடங்குவது முதல் பல்லில் ஒன்றரை வயதுக்குச் சற்று மேல், இரண்டாவதில் இரண்டு வயதையொட்டி. முகட்டு உச்சிகளில் தனித்தனித் தொப்பிகளாகத் தொடங்கி, கீழே இறங்கி, ஒன்றோடொன்று சேரும். தலைப்பகுதி முழுசாகக் கட்டி முடிய முதல் பல்லுக்கு 5 முதல் 6 வயது, இரண்டாவதற்கு 6 முதல் 7. பிறகுதான் வேர். எனாமலைக் கட்டிய உறையின் விளிம்பு கீழ்நோக்கி நீண்டு வேருக்கு அச்சாக நிற்கும். இரண்டு வேர் வரவேண்டிய பல்லில் அந்த உறையின் இரு பக்கத்திலிருந்தும் நாக்கு மாதிரி மடிப்புகள் உள்ளே வளர்ந்து நடுவில் தொட்டுக்கொள்ளும். ஒரு வாசல் இரண்டு வாசலாகிவிடும். மடிப்புகள் தொடாமல் நின்றுவிட்டால் ஒரே வேர், இரு பக்கமும் வரிப்பள்ளத்தோடு.

வாயில் தலைகாட்டுவது முதல் பல் 10 முதல் 11 வயதில், இரண்டாவது 10 முதல் 12க்குள். அப்போதும் வேர்நுனி திறந்தேதான் இருக்கும். அது மூட இன்னும் இரண்டு மூன்று வருஷம் ஆகும்.

குழந்தைக்கு விழுந்த பால் கடைவாய்ப் பல்லில் வேரே இல்லை. உள்ளேயே முறிந்துவிட்டதா?

வாரத்துக்கு ஒரு அம்மாவாவது பல்லைக் காகிதத்தில் மடித்துக்கொண்டு வந்து இதைக் கேட்கிறார். முறியவில்லை, கரைந்துவிட்டது.

பால்பற்களில் முன்கடைவாய்ப் பல் என்ற வகையே கிடையாது. பால் கடைவாய்ப்பற்கள் எட்டும் விழுந்த இடத்தில்தான் இந்த எட்டும் (மேலே நான்கு, கீழே நான்கு) வருகின்றன. மேல் பால் கடைவாய்ப் பல்லுக்கு மூன்று வேர், நன்றாக அகட்டி வைத்த முக்காலி மாதிரி. அந்த மூன்று காலுக்கும் நடுவில்தான் முன்கடைவாய்ப் பல்லின் மொட்டு உட்கார்ந்திருக்கும். ஏழெட்டு வயதுக் குழந்தையின் எக்ஸ்ரேயைப் பார்த்தால், ஒரு பறவை முட்டையை நகத்தால் பற்றிக்கொண்டிருப்பது மாதிரி இருக்கும். உள்ளே இருக்கும் பல் வெளியே வர வர, எலும்பைத் தின்னும் அதே வகைச் செல்கள் பால்பல்லின் வேரையும் தின்றுவிடும். கடைசியில் மிஞ்சுவது உட்குடைந்த ஒரு தொப்பி. விழுந்த பல்லைத் திருப்பிப் பாருங்கள், அடிப்பக்கம் கரையான் அரித்த மரம் மாதிரி ஒழுங்கில்லாமல் இருக்கும். முறிந்ததென்றால் விளிம்பு கூர்மையாக, வெட்டினது மாதிரி இருக்கும்.

சரி, கவலை இல்லாமல் சாணத்தில் உருட்டிக் கூரைமேல் எறியலாம். இப்போது மாடி வீட்டில் கூரைக்கு எங்கே போவது என்பது வேறு விஷயம்.

பால் பல்தானே, சொத்தை வந்தால் பிடுங்கிவிட்டால் போகிறது?

இதுதான் நான் அதிகம் சண்டை போடும் கேள்வி. முன்பக்கத்துப் பால்பல் என்றால் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். பால் கடைவாய்ப் பல், அதிலும் இரண்டாவது, வேறு. அது பத்து, பதினொரு வயது வரை அங்கே இருக்க வேண்டிய பல். ஆறு வயதில் அதன் பின்னால் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் வந்து, அதன்மேல் சாய்ந்துதான் நிற்கிறது. நடுவில் இருப்பதைப் பிடுங்கினால் பின்னால் இருப்பது முன்னால் நகர்ந்துவிடும், பஸ்ஸில் ஒருவர் எழுந்தவுடன் பக்கத்து ஆள் நகர்ந்து உட்காருவதுபோல. நான்கு வருஷம் கழித்து இரண்டாம் முன்கடைவாய்ப் பல் வரும்போது இடம் இருக்காது. அண்ணப்பக்கமாக வெளியே வரும், இல்லாவிட்டால் எலும்புக்குள்ளேயே மாட்டிக்கொள்ளும்.

இயற்கை இதற்குக் கொஞ்சம் இடமும் சேமித்து வைத்திருக்கிறது. பால் கோரைப்பல்லும் இரண்டு பால் கடைவாய்ப்பற்களும் சேர்ந்த அகலம், அவற்றுக்குப் பதில் வரும் மூன்று நிரந்தரப் பற்களின் அகலத்தைவிடச் சற்று அதிகம். மேல்தாடையில் ஒரு பக்கத்துக்கு 0.9 மில்லிமீட்டர் என்பது வழக்கமான கணக்கு. அவ்வளவுதான் மிச்சம், அதை வீணாக்க முடியாது. எனவே அடைக்க முடிந்தால் அடைத்துவிடுங்கள். எடுத்தே தீரவேண்டும் என்றால் இடம் காக்கும் கம்பி வளையம் போடச் சொல்லிக் கேளுங்கள்.

இன்னொன்று. பால்பல்லின் வேரடியில் சீழ் கட்டினால், அந்த மூன்று காலுக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் மொட்டுக்கும் அது போய்ச் சேரும். பிறகு வரும் முன்கடைவாய்ப் பல் எனாமல் குறைந்து, பழுப்புத் திட்டோடு, சொரசொரப்பாக வரலாம். டர்னர் பல் என்று பெயர். சுற்றியுள்ள பற்கள் எல்லாம் வெள்ளையாக இருக்க, ஒரே ஒரு முன்கடைவாய்ப் பல் மட்டும் கறையாக வந்திருந்தால், "இந்த இடத்துப் பால்பல் சின்ன வயதில் வீங்கியதா?" என்றுதான் முதலில் கேட்பேன்.

பிள்ளைக்கு 12 வயது முடிந்துவிட்டது. பால்பல்லே விழவில்லை.

ஒரு வருஷம் முன்பின் ஆவது சகஜம், மற்றப் பக்கத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு பக்கம் வந்து ஆறு மாதம் ஆகியும் மறுபக்கம் வரவில்லை என்றால் எக்ஸ்ரே எடுக்க வேண்டும். மொட்டு திசைமாறிக் கிடக்கலாம், பால்பல் எலும்போடு ஒட்டிக்கொண்டிருக்கலாம், அல்லது கீழே பல்லே இல்லாமல் இருக்கலாம்.

பல்லே இல்லையா என்று அதிர்ச்சி வேண்டாம். ஞானப்பல்லை விட்டுவிட்டுப் பார்த்தால், பிறவியிலேயே இல்லாமல் போகும் பற்களில் முன்வரிசையில் நிற்பது கீழ்த்தாடை இரண்டாம் முன்கடைவாய்ப் பல். மேல் பக்கவெட்டுப் பல்லும் மேல் இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லும் அடுத்து வருகின்றன. ஒரே வகைப் பற்களில் கடைசியாக வருவதுதான் அடிக்கடி காணாமல் போகிறது என்பதைக் கவனியுங்கள். சில குடும்பங்களில் இது பரம்பரையாக ஓடும். எம்எஸ்எக்ஸ்1 என்ற மரபணுவில் மாற்றம் உள்ள குடும்பங்களில் இரண்டாம் முன்கடைவாய்ப் பற்களும் ஞானப்பற்களும் சேர்ந்தே இல்லாமல் இருப்பதை 1996இல் கண்டறிந்தார்கள். கீழே பல் இல்லை என்று தெரிந்தால் பால்பல்லைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். கரைக்க ஆள் இல்லாததால் அது பல வருஷம் நிற்கும். நாற்பது வயதிலும் பால் கடைவாய்ப் பல்லோடு முறுக்குக் கடிப்பவர்கள் இருக்கிறார்கள்.

தெத்துப்பல்லுக்கும் இந்தப் பல்லுக்கும் என்ன சம்பந்தம்?

நேரடிச் சம்பந்தம். மேல்தாடையில் பல் வரும் வரிசையில் முதல் முன்கடைவாய்ப் பல் பெரும்பாலும் கோரைப்பல்லை முந்திவிடும். கோரைப்பல் 11, 12 வயதில், கண்ணுக்குக் கீழே உயரத்திலிருந்து நீண்ட தூரம் இறங்கி வருகிறது. வந்து பார்த்தால் ஒரு பக்கம் வெட்டுப்பல், மறுபக்கம் முன்கடைவாய்ப் பல், நடுவில் இடமில்லை. வேறு வழியில்லாமல் மேலே, வெளிப்புறமாக எட்டிப் பார்க்கும். அதுதான் தெத்துப்பல். பழி தெத்துப்பல்மேல், இடத்தைப் பிடித்தவர் பக்கத்தில் சாதுவாக நிற்பவர்!

அதனால்தான் கிளிப் போடும்போது இதை எடுக்கிறார்களா? நல்ல பல்லை எடுக்கலாமா?

ஆமாம், அதனால்தான். எடுத்தால் ஒரு பக்கத்துக்கு 7 மில்லிமீட்டர் இடம் கிடைக்கிறது, அதுவும் நெரிசல் இருக்கும் இடத்துக்குப் பக்கத்திலேயே. கோரைப்பல்லை எடுத்தால் முகத்தின் வடிவமே மாறும், கடைவாய்ப் பல்லை எடுத்தால் மெல்லும் பலம் போகும். நான்காம் பல் போனால் அதே சாயலில் ஐந்தாம் பல் இருக்கிறது. இடைவெளி மூடியபிறகு என் மாணவர்களே எண்ணிப் பார்த்துத்தான் ஒன்று குறைகிறது என்று சொல்வார்கள்.

நல்ல பல்லை எடுக்கலாமா என்பது நூறு வருஷத்துச் சண்டை. நவீனப் பல்சீரமைப்புத் துறையை நிறுவிய எட்வர்ட் ஆங்கிள், ஒரு பல்லையும் எடுக்கக் கூடாது, 32க்கும் தாடையில் இடம் உண்டு என்று பிடிவாதமாகச் சொன்னவர். அவர் 1930இல் இறந்தார். அவருடைய மாணவர்களே, அமெரிக்காவில் சார்லஸ் ட்வீடும் ஆஸ்திரேலியாவில் ரேமண்ட் பெக்கும், பல் எடுக்காமல் செய்த சிகிச்சைகள் பழைய நிலைக்குத் திரும்புவதைப் பார்த்து, முன்கடைவாய்ப் பல்லை எடுக்கும் முறையைத் திரும்பக் கொண்டுவந்தார்கள். இப்போது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறோம். நெரிசல் கொஞ்சம் என்றால் எடுக்காமலே முடிக்கலாம், நெரிசல் அதிகம் அல்லது பற்கள் உதட்டை முன்னால் தள்ளுகின்றன என்றால் எடுப்பதே சரி. என் பார்வையில், அளவெடுத்து, முக எக்ஸ்ரே பார்த்து, ஏன் என்று விளக்கிவிட்டு எடுப்பவரிடம் தயங்காமல் உட்காரலாம். வாயைத் திறந்த இரண்டாவது நிமிஷமே "நாலு பல் எடுக்கணும்" என்பவரிடம் இன்னொரு கேள்வி கேளுங்கள்.

இந்தப் பல்லில் ஏன் இடையிலேயே சொத்தை வருகிறது? தினமும் ஃப்ளாஸ் செய்கிறேனே?

அந்தக் குழிவுதான் காரணம். நூலை இழுத்துப் பிடித்துப் பல்லிடுக்கில் ஏற்றி இறக்கினால் அது நேர்க்கோடாக, குழியின் இரண்டு கரையையும் தொட்டுக்கொண்டு போய்விடும். குழியின் அடி அப்படியே அழுக்கோடு இருக்கும். ஈறு இறங்கியவர்களுக்கு வேர்ப்பக்கக் குழிவும் வெளியே தெரியத் தொடங்கும், அப்போது இன்னும் மோசம். சின்னப் பாட்டில் பிரஷ் மாதிரி இருக்கும் இடைத்தூரிகையை வாங்கிக்கொள்ளுங்கள், அதன் மயிர் குழிக்குள் விரிந்து துடைக்கும். ஊக்கு, தென்னங்குச்சி எல்லாம் வேண்டாம்.

அடைக்கிற எங்களுக்கும் இதே தலைவலிதான். அடைக்கும்போது பல்லைச் சுற்றிக் கட்டும் உலோகப் பட்டை குழிவில் ஒட்டாமல் நிற்கும், மருந்து அந்த இடைவெளியில் பிதுங்கி ஈற்றைக் குத்தும்.

வேர் சிகிச்சை முடிந்தது, வலி இல்லை. கேப் கட்டாயமா?

இந்தப் பல்லுக்குக் கட்டாயம் என்றே சொல்வேன். மேலே சொன்ன அளவை நினைத்துப் பாருங்கள்: இரண்டு முகடு, நடுவில் பள்ளம், 7 மில்லிமீட்டர் இடுப்பு. முன்னும் பின்னும் சொத்தை எடுத்து, நடுவில் சிகிச்சைக்காகத் துளையும் போட்டால், மிஞ்சுவது எதிரெதிரே நிற்கும் இரண்டு சுவர். சோற்றில் ஒரு கல் கடிபட்டால் போதும், விறகு பிளப்பது மாதிரி நெடுக்கில் பிளந்துவிடும். விரிசல் வேருக்குள் இறங்கிவிட்டால் பிறகு எடுப்பதைத் தவிர வழியில்லை.

மேல் பல் எல்லாம் வலிக்கிறது, ஆனால் சொத்தை இல்லை என்கிறார்கள்.

சளி பிடித்திருக்கிறதா? கன்ன எலும்புக்குள் இருக்கும் சைனஸ் அறையின் தரை, இரண்டாம் முன்கடைவாய்ப் பல்லுக்கும் கடைவாய்ப் பற்களுக்கும் வேர்நுனிக்கு மிக அருகில் இருக்கிறது. அங்கே நீர் கோத்தால் பல் வலி மாதிரியே தோன்றும். ஒரு பல் என்று காட்டத் தெரியாமல் வரிசையாக நாலைந்து வலித்தால், குனிந்து செருப்பு மாட்டும்போது அதிகமானால், முதலில் மூக்கைக் கவனியுங்கள்.

தர்மபுரிப் பக்கம் வளர்ந்தவள் நான். முன்பல்லைவிட இந்தப் பல்லில் கறை அதிகமாக இருக்கிறது, ஏன்?

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்து நிலத்தடி நீரில் ஃப்ளூரைடு அதிகம் என்பது தெரிந்ததே, ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். இந்தியத் தர அளவுப்படி லிட்டருக்கு 1 மில்லிகிராம் வரை ஏற்கலாம், வேறு நீரே கிடைக்காத இடத்தில் 1.5 வரை. அதற்குமேல் போனால், கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் எனாமல் சரியாக இறுகாது. முன்பல்லின் எனாமல் கட்டத் தொடங்குவது கைக்குழந்தைக் காலத்தில், அப்போது தாய்ப்பால்தான் முக்கிய உணவு, அதில் ஃப்ளூரைடு மிகக் குறைவு. முன்கடைவாய்ப் பல்லின் எனாமல் கட்டப்படும் இரண்டிலிருந்து ஆறு வயது, குழந்தை வீட்டுத் தண்ணீரை நன்றாகக் குடிக்கும் காலம். எந்தப் பல் எந்த வயதில் கட்டப்பட்டதோ அந்த வயதுத் தண்ணீர் அதில் பதிவாகிவிடுகிறது. வந்த கறை தேய்த்துப் போகாது, மேற்பூச்சு வைத்து மறைக்கலாம்.

இது மனிதருக்கு மட்டும் உள்ள பல்லா?

இல்லை. பாலூட்டிகளின் ஆதி அமைப்பில் ஒவ்வொரு பக்கத்திலும் நான்கு முன்கடைவாய்ப் பற்கள் இருந்தன. நாய்க்கு இன்றும் நான்கு, அதில் மேல்வரிசை நான்காவதுதான் எலும்பிலிருந்து கறியை வெட்டியெடுக்கும் பெரிய பல். தெருநாய் எலும்பைக் கடிக்கும்போது தலையை ஒரு பக்கம் சாய்ப்பது அந்தப் பல்லுக்குக் கொண்டுபோகத்தான். தென் அமெரிக்கக் குரங்குகளுக்கு மூன்று. நம் ஊர்க் குரங்கு, வாலில்லாக் குரங்கு, மனிதர் எல்லோருக்கும் இரண்டு. போனது முன்னாலிருந்த இரண்டும். அதனால் மானிடவியலாளர்கள் நமது முதல் பல்லை மூன்றாவது என்றும் இரண்டாவதை நான்காவது என்றும் எண்ணுவார்கள். படிக்கும்போது குழம்பாதீர்கள்.

1959இல் தான்சானியாவின் ஓல்டுவாய் பள்ளத்தாக்கில் மேரி லீக்கி கண்டெடுத்த ஆதிமனித வகை ஒன்றின் மண்டையோட்டில் மேல்வரிசைப் பற்கள் முழுசாக இருந்தன. வெட்டுப்பல் சின்னஞ்சிறிது, முன்கடைவாய்ப் பற்களோ நம் கடைவாய்ப் பல்லை ஒத்த பருமன். கொட்டையுடைப்பான் மனிதன் என்று செல்லப்பெயரே வைத்தார்கள்.

எடுத்த பல்லை வீட்டுக்குக் கொண்டுபோகலாமா?

தாராளமாக, கேட்டால் கழுவித் தருவோம். கேட்காதவர்களுடையதை அனுமதி வாங்கிக்கொண்டு கல்லூரிக்கு எடுத்துப்போகிறேன். சொத்தை, உடைசல் இல்லாத முழுப் பல் பாடம் நடத்தக் கிடைப்பது கிளிப் போட எடுக்கும் இந்தப் பல்தான்.

போன மாதம் பதினான்கு வயதுப் பெண் ஒருத்தி, வாயில் பஞ்சைக் கடித்தபடி, எடுத்த பல்லைக் கேட்டு வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். விரல்நகத்தை ஒரு பக்கத்தில் வைத்துத் தேய்த்தாள், நின்றாள், மறுபடி தேய்த்தாள். பேச முடியாததால் என்னைப் பார்த்து அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள். முன்பக்கக் குழிவு. என் வகுப்பில் பாதிப் பேர் செதுக்க மறக்கும் இடம். பல்லைக் கைக்குட்டையில் முடிந்து கொண்டுபோய்விட்டாள், கல்லூரிக்குக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.